46 கணினி, ஒரு பிடிஎஃப் ரீடர்

கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிறேன். இரண்டு மாடி, 46 கணினி, ஒரு சர்வர், நான் ஒருத்தன். எனக்கு வயது 41. ஆனாலும் ஆபீஸில் எல்லோருக்கும் நான் "சிஸ்டம் தம்பி"தான். ஆடிட்டர் படிப்புக்காக இங்கே பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள் பையன்கள் மட்டும் அண்ணா என்பார்கள்.

2023 பிப்ரவரியில் ஒரு வங்கியிலிருந்து கேள்வித்தாள் ஒன்று வந்தது. தணிக்கை வேலை கொடுப்பதற்கு முன் எங்கள் கணினிகளின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கடைசியாகப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டது எப்போது. விண்டோஸ், ஆன்டிவைரஸ், டேலி வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். 'பிடிஎஃப் மென்பொருள்' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

நோட்டும் கையுமாக மேசை மேசையாகப் போனேன். ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஃபாக்ஸிட் சிலர், சுமத்ரா சிலர், ஒன்றுமே இல்லாமல் பிரவுசரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலர். ஆறு கணினியில் அடோபி ரீடர் 11. அதற்கு அப்டேட் வருவது 2017 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஒன்றில் ரீடர் 9 இருந்தது. அது 2013லேயே காலாவதி. ஒரு சீனியர் சார் எங்கிருந்தோ ஒரு டிரையல் மென்பொருளை இறக்கி வைத்திருந்தார். கெடு முடிந்துபோய் எல்லாப் பக்கத்திலும் குறுக்கே வாட்டர்மார்க் விழுந்துகொண்டிருந்தது. கிளையன்ட்டுக்கும் அப்படியேதான் போயிருக்கிறது. "அது ஏதோ செக்யூரிட்டி சீல்னு நினைச்சேன் தம்பி" என்றார்.

கடைசி மேசை டைப்பிங் அக்காவுடையது. அவர் கணினியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது தனிக் கதை.

எல்லோருக்கும் ஒரே ரீடர் என்று முடிவானது. எனக்குப் பிடித்தது சுமத்ரா. என் சொந்த லேப்டாப்பில் அதுதான். சட்டென்று திறக்கும், வேறு எதுவும் செய்யாது. ஆனால் கம்பெனி சட்டப் படிவங்களை அன்றைக்கு அடோபி ரீடரில்தான் நிரப்ப முடியும் என்பதால் யோசிக்க இடமே இல்லை. நெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன இன்ஸ்டாலரை விட்டுவிட்டு, நிறுவனங்களுக்கென்று தனியாகத் தரும் முழு இன்ஸ்டாலரை இறக்கினேன். அதைப் பிரித்தால் உள்ளே இன்ஸ்டால் செய்யும் ஒரு எம்எஸ்ஐ கோப்பு, ஒரு பேட்ச், சுருக்கிக் கட்டிய ஒரு கேப் கோப்பு இருக்கும். கஸ்டமைசேஷன் விசார்ட் என்று அடோபியே இலவசமாக ஒரு கருவி தருகிறது. அதில் எம்எஸ்ஐயைத் திறந்து, ஒப்பந்தத் திரை வேண்டாம், டெஸ்க்டாப் ஐகான் வேண்டும், கிளவுட் சேவை விளம்பரம் வேண்டாம் என்று டிக் அடித்துச் சேமித்தால் டிரான்ஸ்ஃபார்ம் கோப்பு ஒன்று கிடைக்கும். எம்எஸ்ஐயைத் தொடாமல் அதற்கு மேல் சட்டை மாட்டிவிடுவது மாதிரி.

இதையெல்லாம் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு, எல்லாக் கணினிக்கும் சர்வரிலிருந்தே உத்தரவு போடும் க்ரூப் பாலிசியில் 'சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்' பகுதியில் சேர்த்து, மறுநாள் காலை அக்காவுடையது போக மீதி 45 கணினியிலும் ரீடர் வந்து உட்கார்ந்திருக்கும் என்று நம்பி வீட்டுக்குப் போனேன். காலையில் ஒன்றில்கூட வரவில்லை.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 1612 என்று பிழை. இன்ஸ்டால் செய்ய வேண்டிய கோப்பு சொன்ன இடத்தில் இல்லை என்று அர்த்தம். கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறதே என்று அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் புரிந்தது. பாலிசி எழுதும்போது சர்வரில் உட்கார்ந்தபடியே பிரவுஸ் பட்டனை அமுக்கி டி டிரைவில் இருந்த கோப்பைக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கணினியும் போய்த் தன் சொந்த டி டிரைவில் தேடியிருக்கிறது, பாவம். நெட்வொர்க் வழியாக, சர்வர் பெயரோடு பாதையைக் கொடுத்திருக்க வேண்டும். 15 வருடம் இந்த வேலையில் இருப்பவன் செய்யக்கூடாத தப்பு.

பாதையைத் திருத்தியும் பாதிக் கணினிகளில் வரவில்லை. இப்போது ஷேர் அனுமதி. ஃபோல்டரை ஊழியர்கள் எல்லோரும் படிக்கலாம் என்று வைத்திருந்தேன். ஆனால் இந்த இன்ஸ்டால் நடப்பது யாரும் லாகின் ஆவதற்கு முன்னால், கணினி தன் பெயரிலேயே சர்வரிடம் போய்க் கேட்கும் நேரத்தில். அதனால் ஆபீஸ் நெட்வொர்க்கில் (டொமைனில்) சேர்த்த கணினிகளெல்லாம் அடங்கிய 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' என்ற குழுவுக்குப் படிக்கும் அனுமதி வேண்டும். மற்ற பாதியில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பழைய பிரின்டர் டிரைவருக்காக எப்போதோ ஒரு குழுவில் சேர்த்து வைத்திருந்த கணினிகள் அவை.

அப்புறமும் பத்துப் பன்னிரண்டு கணினி அசையவில்லை. அங்கே கோளாறு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 10இல் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுக்க அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். காலையில் எழுந்திருப்பது முழு ஸ்டார்ட்அப் கணக்கில் வராததால், ஸ்டார்ட்அப் நேரத்துப் பாலிசியும் ஓடுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமான பிறப்பு. "எல்லாரும் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்க" என்று குரூப்பில் போட்டேன். 19 பேர் கட்டைவிரல் காட்டினார்கள், நான்கு பேர் ரீஸ்டார்ட் செய்தார்கள். ஒரு மேடம் தினமும் சாயந்திரம் மானிட்டர் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போகிறார் என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. அவர் கணினி ஜனவரியிலிருந்து அணையவே இல்லை. கடைசியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பாலிசியிலேயே அணைத்து, நெட்வொர்க் வரும் வரை காத்திரு என்ற பாலிசியையும் போட்டு, ஒரு சனிக்கிழமை ராத்திரி நானே எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தேன்.

தானாக அப்டேட் ஆவதை முதல் வேலையாக அணைத்துவிடு, பேட்ச் எல்லாம் உன் கையில் இருக்கட்டும் என்றுதான் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஆயிரம் கணினியும் அதைப் பார்க்கத் தனி ஆளும் இருந்தால் சரி. ஒற்றை ஆளாக இருக்கிற என் மாதிரி ஆட்கள் அணைத்தால், அடுத்த கேள்வித்தாள் வரும்வரை அது அப்படியேதான் கிடக்கும். அதனால் நான் அணைக்கவில்லை. அப்டேட் சர்வீஸ் தன் பாட்டுக்குப் பின்னால் ஓடும், பயனருக்கு அட்மின் உரிமையும் தேவையில்லை. இன்றுவரை அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

அடுத்து, பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால் எது திறக்கிறது என்பது. விண்டோஸ் 8க்குப் பிறகு இதை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மாற்ற முடியாது. ஒவ்வொரு பயனரின் தேர்வோடும் விண்டோஸ் ஒரு ஹாஷ் (சரிபார்க்கும் குறியீடு) சேர்த்து, தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது. கையால் மாற்றினால் ஹாஷ் பொருந்தாது. விண்டோஸ் அதைத் தள்ளிவிட்டு எட்ஜையே திறக்கும். முறையான வழி, ஒரு கணினியில் ரீடரை டிஃபால்ட் ஆக்கி, விண்டோஸோடு வரும் டிஸ்ம் கட்டளையால் அந்தப் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, அதில் பிடிஎஃப் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டு, பாலிசியில் அந்தக் கோப்பைக் காட்டுவது. இது ஒழுங்காக வேலை செய்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். பிரவுசருக்குள்ளும் பிடிஎஃப் திறக்கக்கூடாது, எல்லாம் ரீடருக்கே வரட்டும் என்று இன்னொரு பாலிசியையும் போட்டேன். மூன்றே நாளில் ஆர்ட்டிகிள் பையன்கள் திரண்டு வந்துவிட்டார்கள். போர்ட்டலில் ஒரு சலானை எட்டிப் பார்க்கக் கிளிக் செய்தாலும் அது டவுன்லோட் ஆகிறது. ஒருவன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினான். ஒரே சலான் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று 14 வரை வரிசையாக நின்றது. அன்றைக்கே அந்தப் பாலிசியை எடுத்துவிட்டேன்.

இனி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட விஷயம்.

பிடிஎஃப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. படிவத்தில் கூட்டல் போடுவது, கட்டத்தைச் சரிபார்ப்பது எல்லாம் அதுதான். கெட்டவர்களுக்கும் அதே வாசல். 2009, 2010 வாக்கில் பிடிஎஃப் வழியாக வந்த தாக்குதல்கள் அதிகமாகித்தான், 2010 கடைசியில் ரீடர் 10 வந்தபோது தனிச் சிறைக்குள் கோப்பைத் திறக்கும் புரொடெக்டெட் மோடு வந்தது. வங்கியின் கேள்வித்தாளிலும் 'பிடிஎஃப்பில் ஸ்கிரிப்ட் முடக்கப்பட்டுள்ளதா' என்று ஒரு கட்டம் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் பாலிசிக் கிளைக்குள் ஒரு வரி. முடக்கிப் பூட்டினால் பயனர் செட்டிங்ஸில் போய் மாற்றவும் முடியாது, டிக் சாம்பல் நிறமாகிவிடும். என் கணினியில் பார்த்தேன், சாம்பல் நிறம். 'ஆம், அனைத்துக் கணினிகளிலும் முடக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கேள்வித்தாளை அனுப்பியாயிற்று.

அது மார்ச். அக்டோபர் கடைசி வாரம், சாயந்திரம் 6.40. மேல்மாடியிலிருந்து, கம்பெனிப் படிவங்களைத் தாக்கல் செய்யும் ஃபைலிங் மேடத்திடமிருந்து போன்.

"தம்பி, கொஞ்சம் மேல வாங்க. பட்டன் அமுக்குனா சும்மாவே கிடக்குது."

செப்டம்பர் கடைசியில் பொதுக்குழு நடத்திய கம்பெனிகள் 30 நாளுக்குள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி 4 படிவம் போட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அந்தப் படிவம் அப்போது ஒரு பிடிஎஃப். எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கீழே 'செக் ஃபார்ம்' பட்டனை அமுக்கினால் தப்புகளைச் சொல்லும். பிறகு டிஜிட்டல் கையெழுத்து. பிறகு 'பிரீஸ்க்ரூட்டினி' என்ற முன்பரிசோதனை, பிறகு அப்லோட். மேடம் என் முன்னால் செக் ஃபார்மை அமுக்கிக் காட்டினார். பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான். பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

மேசையில் அந்த பிளாஸ்டிக் டப்பா திறந்து கிடந்தது. டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயரை எழுதி செலோடேப் ஒட்டியது. (அவை ஏன் எங்கள் ஆபீஸ் டப்பாவில் இருக்கின்றன என்று நான் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.) ஜாவாஸ்கிரிப்ட் பூட்டினது என் நினைவிலேயே இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது. டோக்கன் டிரைவரில்தான் சந்தேகம் போனது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். நெட் மாற்றிப் பார்த்தேன். படிவத்தைப் புதிதாக இறக்கி, மேடம் முதல் இரண்டு பக்கத்தை மறுபடி நிரப்பினார்; அதே கதை. ரீடரையே கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். பாலிசி இருக்கும் இடத்தில் ரீடரை எத்தனை தடவை போட்டால் என்ன? எட்டு மணி ஆகிவிட்டது. மேடம் கணவருக்குப் போன் செய்து "நீங்க சாப்பிட்டுருங்க" என்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஒரு ஆர்ட்டிகிள் பையன் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன், "அண்ணா, என் சிஸ்டத்துல ஒருக்கா திறந்து பாக்கலாமுங்களா?" என்றான். எல்லாம் ஒரே பாலிசிதானே, அங்கே மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பென்டிரைவைக் கொடுத்தேன். திறந்தான், செக் ஃபார்மை அமுக்கினான். மேலே பெட்டி ஒன்று எழும்பி, இன்ன கட்டத்தில் தேதி இல்லை என்றது. மேடம் தன் நாற்காலி மெத்தையை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். 9.20க்கு அப்லோட் முடிந்தது.

சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரே பாலிசி, ஒரே ஓயூ (பாலிசி போடுவதற்காகக் கணினிகளைப் பிரித்து வைக்கும் குழு), ஒரு கணினியில் பட்டன் செத்திருக்கிறது, இன்னொன்றில் உயிரோடு இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பையனுடையது ஜூலையில் வாங்கிய புதுக் கணினி. மொத்தம் 11 அப்படி வந்தன. விற்ற கடைக்காரரே நெட்டிலிருந்து ரீடரைப் போட்டு அனுப்பியிருந்தார். ஐகானைப் பார்த்தேன், இருக்கிறது, சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அது 64 பிட் ரீடர். நான் பாலிசியில் அனுப்பியது 32 பிட். 64 பிட் ரீடர் என்பது உண்மையில் அடோபியின் காசு கட்டும் மென்பொருளான முழு அக்ரோபேட்டின் உடம்பு; காசு கட்டாதவர்களுக்கு ரீடராக நடந்துகொள்ளும். அதனால் அது ரெஜிஸ்ட்ரியில் பாலிசியைத் தேடுவது 'அக்ரோபேட் ரீடர்' கிளையில் இல்லை, 'அடோபி அக்ரோபேட்' கிளையில். நான் பூட்டுப் போட்டது முதல் கிளையில் மட்டும். நிர்வாகிகளுக்கான கையேட்டில் இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

ஆக, ஸ்கிரிப்ட் கட்டாயம் தேவைப்பட்ட மேடத்தின் கணினியில் கனகச்சிதமாகப் பூட்டியிருக்கிறேன். கண்ட மெயிலில் வரும் பிடிஎஃப்பையெல்லாம் திறக்கிற பையன்களின் 11 கணினியில் திறந்துபோட்டிருக்கிறேன். 'அனைத்துக் கணினிகளிலும் முடக்கப்பட்டுள்ளது' என்று எழுதி அனுப்பியதை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது. பெரிய ஆடிட்டர் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எழுதறதுக்கு முன்னாடி எத்தனை சிஸ்டத்துல பார்த்தே?" என்றார். ஒன்றில், அதுவும் என்னுடையதில் என்றேன். "சாம்பிள் சைஸ் ஒன்னு. ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்துட்டு" என்றார். வங்கிக்குத் திருத்தக் கடிதம் போட்டோம்.

அதன்பிறகு இரண்டு கிளையிலும் பூட்டு எழுதினேன். ஃபைலிங் வேலை செய்யும் மூன்று கணினிக்கு மட்டும் தனி ஓயூ, அங்கே ஸ்கிரிப்ட் ஓடலாம், ஆனால் மெயில் திறக்கக்கூடாது. மெயில் விஷயத்தில் மேடத்தோடு பேரம் பேசி, காலையில் ஒரு தடவை மட்டும் என்று முடிந்தது. 2025 ஜூலையோடு ஏஓசி 4 மாதிரியான வருடாந்தரப் படிவங்களெல்லாம் வெப் படிவமாகிவிட்டன. பழைய வருடத்துப் படிவங்களைத் திறந்து பார்க்க வேண்டியிருப்பதால் ஓயூவை இன்னும் கலைக்கவில்லை.

ஒன்றாவது உருப்படியாகச் செய்தேன் என்றால் அது கேள்விக்குறி விவகாரம். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றாக டிடிஎஸ் தளத்திலிருந்து இறக்கும் ஃபார்ம் 16இல் டிஜிட்டல் கையெழுத்துக்கு மேல் மஞ்சள் நிறத்தில் கேள்விக்குறி விழும், செல்லுபடி தெரியவில்லை என்று வரும். கையெழுத்துக்கு ஒரு குறையும் இருக்காது. இந்தியச் சான்றிதழ் ஆணையரின் மூலச் சான்றிதழை ரீடருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஜூன், ஜூலையில் ஆர்ட்டிகிள்கள் ஒவ்வொரு கோப்பாக வலது கிளிக் செய்து, சான்றிதழை நம்பு என்று சொல்லி, பச்சை டிக் வரவழைத்து பிரின்ட் எடுப்பார்கள். விண்டோஸின் சான்றிதழ்ப் பெட்டியையும் நம்பலாம் என்று ரீடரில் ஓர் அமைப்பு உண்டு. மூலச் சான்றிதழை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுத்து, பாலிசி மூலம் எல்லா விண்டோஸ் பெட்டியிலும் சேர்த்து, ரீடரின் அந்த அமைப்பையும் இயக்கிவிட்டேன். அடுத்த ஜூனில் எல்லாம் பச்சை. ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த வேலையில் அதுதான் பெரிய பாராட்டு.

டைப்பிங் அக்கா கதைக்கு வருகிறேன். அவருடையது விண்டோஸ் 7. யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் 20 வருடத்து ஒப்பந்தங்கள், கடிதங்கள், கிராமத்துப் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் அனுப்பும் பிடிஎஃப்பில் 'அம்மா' என்று அழகாகத் தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும். எழுத்துரு உள்ளே பதியாமல் போன கோப்புகளில் பார்க்கும்போதே அப்படித்தான். வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது பிடிஎஃப் ஏ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடும். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினேன், அக்கா தவறாமல் போடுகிறார். யூனிகோடுக்கு மாறலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "என் கை அந்தக் கீபோர்டுல பழகிருச்சு தம்பி, ரிட்டயர்டு ஆகறதுக்கு மூணு வருஷம் இருக்குது" என்றார். அவர் அடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் அதற்குமேல் பேச மாட்டார்கள்.

ஆகவே அந்தக் கணினியை டொமைனிலிருந்தும் நெட்டிலிருந்தும் கழற்றிவிட்டேன். ரீடர் 9 வைத்திருந்த கணினி அதுதான். இன்றும் அதே ரீடர் 9தான், கோப்பு வெளியே போவது ஒரே ஒரு பென்டிரைவில், அதுவும் என் மேசைக்கு வந்து ஸ்கேன் ஆன பிறகு. கேள்வித்தாளில் '45 கணினிகள், மேலும் இணைப்பில் இல்லாத 1' என்று இப்போது எழுதுகிறோம். போன சனிக்கிழமை அக்கா இன்டர்காமில் கூப்பிட்டார்.

"தம்பி, என்னமோ அப்டேட் செக் பண்ணட்டுமான்னு கேக்குது. ஆமான்னு கொடுக்கட்டுங்களா?"

"கேபிளே இல்லீங்களே அக்கா, அது எங்க போய் செக் பண்ணும்? வேண்டாம்னு கொடுங்க."

"அதைத்தான் நானும் தினமும் கொடுக்கறேன். சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."